மகளிரியல் படிக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள்

மகளிரியலில் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு உள்ள முதல் தொல்லை, அது என்ன படிப்பு என்று நம்மைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருப்பதுதான். பல் டாக்டரிடம் போய் பல் என்றால் என்ன என்று யாரும் விளக்குவதில்லை. நமக்கு மட்டும் ஆட்டோக்காரரிலிருந்து சொந்தச் சித்தப்பா வரைக்கும் வகுப்பெடுக்கிறார்கள். பாளையங்கோட்டையிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து நாலரை வருஷம் ஆகிறது. இங்கேயே குடியேறிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகு விட்டுவிட்ட வேலைகள், இதுதான் என் தலைப்பு. இதே துறையில் மாட்டிக்கொண்டிருக்கும் சகோதரிகளுக்கும், அங்கங்கே தென்படும் ஒன்றிரண்டு சகோதரர்களுக்கும் நான் புதிதாக எதையும் சொல்லப் போவதில்லை. படித்துவிட்டு, நமக்கு மட்டும் இல்லை என்று ஆறுதல் அடையலாம், அவ்வளவுதான்.

வீடு பார்த்தது

லேக் மார்க்கெட் பக்கம் ஓர் அறை வாடகைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். வீட்டுக்காரர் சக்ரவர்த்தி பாபு, ஓய்வுபெற்ற அரசு அதிகாரி. என்ன படிக்கிறாய் என்று கேட்டார், சொன்னேன். மனிதருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. வங்காளத்தில் பெண்களுக்கு எப்பேர்ப்பட்ட மரியாதை, இந்த மண் பெண்ணைத் தாயாகவே பார்க்கும் மண் என்று ஆரம்பித்தவர் ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் மனைவி மாஷிமா (சித்தி, பெரியம்மா வயதுள்ளவர்களை இங்கே இப்படித்தான் கூப்பிடுவார்கள்) டீ கொண்டுவந்தார், பிஸ்கட் கொண்டுவந்தார், ஃபேனைக் கூட்டினார், அவர் கேட்டார் என்று மூக்குக் கண்ணாடி கொண்டுவந்தார், பிறகு அது இல்லை, மற்றது என்றதும் மற்றதைக் கொண்டுவந்தார். ஒருமுறைகூட உட்காரவில்லை.

பேச்சு முடிந்ததும் நிபந்தனைகள் வந்தன. ஒன்பது மணிக்குள் திரும்பிவிட வேண்டும். கூடப் படிக்கும் ஆண்கள் யாராவது வந்தால் கீழே கூடத்தில், அவர் எதிரிலேயே பேசி அனுப்பிவிட வேண்டும். எனக்கு வந்த கோபத்தில் அப்படியே எழுந்து போயிருப்பேன். ஆனால் அது நான் பார்த்த பதினோராவது வீடு. சம்மதித்துவிட்டேன். பெட்டியை எடுத்துவர இறங்கியபோது மாஷிமா மாடிப்படி வரை கூடவே வந்து, முந்தானையில் முடிந்திருந்த சாவியைக் காட்டி மெதுவாக இந்தியில் சொன்னார்: "ஒன்பது மணியெல்லாம் அவர் கணக்கு. கேட் சாவி என்கிட்டதான் இருக்கு. நீ எப்ப வேணுமானாலும் வா."

டாக்டர் பொண்ணு

என் அம்மா எனக்கு மாப்பிள்ளை பார்ப்பதை நிறுத்தியதே இல்லை. சென்ற வருஷம் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் மகளிரியலில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்று அம்மா சொன்னதை மாப்பிள்ளையின் அம்மா வேறு மாதிரி புரிந்துகொண்டிருக்கிறார். "அப்போ பிரசவமெல்லாம் பார்ப்பாளா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா அதை மறுக்கவில்லை. ரெண்டு நாள் கழித்து மாப்பிள்ளையின் அக்கா தன் ஸ்கேன் ரிப்போர்ட்டை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பிக் கருத்துக் கேட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரியும்.

நானே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு விளக்கினேன். பிறகு, "அப்படின்னா நீங்க கேஸ் கீஸ் போடுற டைப்பா?" என்றார். "அது நீங்க எந்த டைப்புங்கறதைப் பொறுத்தது" என்றேன். வரன் அத்தோடு போயிற்று. அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் தானாகவே போன் செய்து, ஒரு முடிவுக்கு வந்துவிட்ட குரலில் சொன்னாள்: "ஏட்டி, இனிமே பயோடேட்டால வெறும் பிஹெச்.டி.ன்னு மட்டும் போடுதேன். எதுலன்னு யாராச்சும் கேட்டாவன்னா, லைன் சரியில்லன்னு வச்சிருவேன்."

ஒற்றை ஆண்

எங்கள் பேட்ச்சில் ஒன்பது பெண்கள், ஒரே ஓர் ஆண். பெயர் அனிர்பன். ரொம்ப நல்லவன், கூச்ச சுபாவம். எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் மைக் கடைசியில் அவன் கைக்குத்தான் போகும். "இந்தத் துறைக்கு வர உங்களுக்கு எப்படித் துணிச்சல் வந்தது?" என்று கேட்பார்கள். பக்கத்தில் இருக்கும் ஒன்பது பேரும் ஏதோ வேறு பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் வழிதவறி ஏறிவிட்ட மாதிரி உட்கார்ந்திருப்போம். ஒருமுறை அவன் டீ குடித்த கப்பைத் தானே கழுவி வைத்ததைப் பார்த்துவிட்டு, வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியை மேடையிலேயே அதைக் குறிப்பிட்டுப் பாராட்டினார். மற்ற கப்புகளைக் கழுவியது நானும் எங்கள் பேட்ச் ரேஷ்மியும். எங்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஒரு நாள் கேன்டீனில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து இதைச் சொல்லி அவனைக் காய்ச்சி எடுத்துவிட்டோம். அவன் பையைத் திறந்து, அன்று காலை ஏதோ விழாவில் அவனுக்கு நம்மூர்ப் பொன்னாடை மாதிரி போர்த்திய உத்தரியத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான். அழுதுவிடுவான் போல இருந்தது. "நான் இன்னும் ஒரு சாப்டர்கூட எழுதலை, ஆனா இது எனக்கு அஞ்சாவது உத்தரியம். வீட்ல அம்மா இதையெல்லாம் தலகாணி உறையா தைச்சுட்டாங்க."

பாசிட்டிவாக

மகளிர் தினம் வந்தால் நமக்கெல்லாம் திடீரென்று கிராக்கி வரும். சால்ட் லேக்கில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து அழைத்தார்கள். அழைத்தவர் கார்த்திக், ஈரோட்டுக்காரர், எச்.ஆரில் இருக்கிறார். "தமிழ்ப் பொண்ணுன்னு கேள்விப்பட்டதும் உங்களையே போட்டுட்டேங்க. பெண்கள் பிரச்சினையெல்லாம் தாராளமா பேசுங்க. ஆனா பாசிட்டிவா பேசணும்" என்றார். எனக்கு இருபது நிமிஷம். எனக்கு முன்னால் கோலப் போட்டி, பின்னால் அடுப்பில்லாச் சமையல் போட்டி.

நானும் பாசிட்டிவாகத்தான் பேசினேன். கடைசியில், இந்தக் கட்டடத்தில் குழந்தைகள் காப்பகம் எந்த மாடியில் இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். காப்பகமே இல்லை. முன்வரிசையில் இருந்த பெண்கள் கையைத் தட்டினார்கள். அதற்குப் பின்வரிசையில் இருந்த மேலாளர்கள் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். கார்த்திக் வியர்த்துப்போய் என்னை லிஃப்ட் வரை கொண்டுவந்து விட்டார். கையில் ஒரு நான்ஸ்டிக் தோசைக்கல்லைப் பரிசாகக் கொடுத்தார். "சூப்பரா பேசினீங்க மேடம். அடுத்த வருஷம் கண்டிப்பா வரணும், குக்கிங் போட்டிக்கு ஜட்ஜா."

கேள்வி இங்கே, பதில் அங்கே

கள ஆய்வு என்று ஒன்று இருக்கிறதே, அதில்தான் நம் பொறுமை முழுசாகக் கரையும். என் தலைப்புக்கு நான் பேட்டி எடுத்தவர்களில் ஒருவர் லலிதா மாமி. எழுபதைத் தாண்டியவர், பிறந்து வளர்ந்தது எல்லாம் கல்கத்தாதான். அவர் கணவர் சுந்தரேசன் மாமா பேங்க்கில் பெரிய ஆபீசராக இருந்து ஓய்வுபெற்றவர். அன்பான மனிதர். நான் வருகிறேன் என்று தெரிந்து, அவர் எந்தெந்த ஊரில் எந்தெந்தப் பதவியில் இருந்தார் என்று அழகாகக் கட்டம் போட்டு எழுதி, நகலும் எடுத்து வைத்திருந்தார்.

"மாமி, கல்யாணத்துக்கு முன்னாடி வேலைக்குப் போனீங்களா?" என்று கேட்டேன். மாமா சொன்னார்: "கிடர்பூர்ல ஒரு கப்பல் கம்பெனில ஸ்டெனோ. நல்ல கம்பெனி." "எத்தனை வருஷம் மாமி?" "ஆறு வருஷம்" என்றார் மாமா. நாற்காலியைத் திருப்பி, மாமாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். "ஏன் மாமி விட்டீங்க?" என் முதுகுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது: "அவளேதான் விட்டா. பையன் பொறந்தான். யார் பாத்துப்பா?" மாமி முகத்தில் கோபமெல்லாம் இல்லை. எழுந்து தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்: "பேசாம அவரையே பேட்டி எடுத்துடும்மா. என்னைப் பத்தி என்னைவிட அவருக்குத்தான் நன்னாத் தெரியும்."

வாழைத்தண்டுக் கடை

நாலு நாள் கழித்து மாமியிடமிருந்து போன். "நாளைக்குக் கார்த்தால பத்தரைக்கு லேக் மார்க்கெட் வாசல்ல, வாழைத்தண்டு விக்கறானே, அவன்கிட்ட நில்லு. எனக்கு முக்கால் மணி டைம் இருக்கு." சொன்னபடியே காய்கறிப் பையோடு வந்தார். வீட்டுக்குப் போகலாமா, ஏதாவது ஹோட்டலில் உட்காரலாமா என்று கேட்டேன். எல்லோருக்கும் தன்னைத் தெரியும், உட்கார்ந்தால் மாமாவுக்குச் செய்தி போய்விடும், நின்றுகொண்டு பேசினால் காய் வாங்குகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள் என்றார். ஒப்புதல் படிவத்தை ஒரு பூசணிக்காயின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அதில் உங்கள் பெயரை மாற்றிவிடுவோம் என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்ததும் முகம் சுருங்கிவிட்டது. "நான்தான் சொன்னேன்னு யாருக்கும் தெரியாதா? அப்புறம் எதுக்குச் சொல்றது?" நம் துறையில் இதற்குப் பதில் சொல்லப் பெரிய பெரிய கட்டுரைகள் இருக்கின்றன. நான் படிவத்தைப் பூசணிக்காயிலிருந்து எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

பிறகு நடந்துகொண்டே பேசினார், நான் போனில் பதிவுசெய்துகொண்டே குறிப்பும் எடுத்தேன். காலையில் பஸ்ஸில் கிடர்பூர் போய் இறங்கினால் வரும் எண்ணெய் வாடை, ஜன்னல் வழியாகத் தெரியும் கிரேன்கள், மானேஜர் எவ்வளவு வேகமாகப் பேசினாலும் ஒரு வார்த்தை விடாமல் சுருக்கெழுத்தில் பிடித்துவிடும் தன் கை, எல்லாவற்றையும் சொன்னார். குழந்தைக்கு எட்டு மாதமானபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா கூடத்தில் மேலும் கீழும் நடந்துகொண்டு ராஜினாமாக் கடிதத்தைச் சொல்லச் சொல்ல, மாமி பழக்க தோஷத்தில் நோட்டை எடுத்துச் சுருக்கெழுத்தில் எழுதிவிட்டாராம். "எழுதி முடிச்சப்புறம்தான் அது என்ன லெட்டர்னு மனசுல பட்டுது." மறுநாள் ஆபீசுக்குப் போய், தன் மேஜையில், தன் மெஷினிலேயே அதை டைப் அடித்து மானேஜரிடம் கொடுத்தார். மானேஜர் படித்துவிட்டு, நீயே யோசித்து எடுத்த முடிவா என்று கேட்டாராம். மாமி ஆமாம் என்றாராம். நான் பேனாவை மூடிவிட்டு நின்றேன். சுற்றிலும் ஒரே இரைச்சல். மாமி பையிலிருந்த கறிவேப்பிலையைச் சரிசெய்துகொண்டே, "ஏன் நிறுத்திட்டே? எழுதிக்கோ" என்றார். "அந்த லெட்டர்ல ஒரு தப்புகூட இல்லை. அதையும் எழுதிக்கோ."

கைடு கேட்டது

அந்தப் பேட்டியை என் கைடிடம் போட்டுக் காட்டினேன். பெரிய அறிஞர், இந்தத் துறையில் அவர் பெயரைச் சொன்னால் எழுந்து நிற்பார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது என்பதால், நான் மொழிபெயர்த்துத் தட்டச்சிட்ட பதினாலு பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒலிப்பதிவையும் கண்ணை மூடிக் கேட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. கண்ணைத் திறந்து, மிகவும் கனிவாகத்தான் சொன்னார்: "ரொம்ப உருக்கமா இருக்கு. கத்தரிக்காய்க்காரர் குரல் தெளிவா கேக்குது. கோட்பாடு எங்கே?"

மனு

மாஷிமா வீட்டில் சமைக்க வருகிறவர் மாலதி தீதி, அதாவது மாலதி அக்கா. ஒரு நாள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். புருஷன் அவருடைய போனையும் ஆதார் அட்டையையும் பிடுங்கி வைத்துக்கொண்டு, வேறு வீட்டு வேலைக்குப் போகக்கூடாது என்கிறானாம். "நீதான் பொம்பளைங்களைப் பத்தி படிக்கறியே. போலீஸ் ஸ்டேஷன்ல குடுக்க ஒரு கடுதாசி எழுதிக் குடு." எனக்கு ஒரே உற்சாகம். நாலு வருஷமாகப் படித்ததெல்லாம் ஒரு காரியத்துக்கு ஆகப்போகிறது என்று சட்டப் புத்தகத்தையெல்லாம் எடுத்து மேஜையில் அடுக்கினேன். பிறகு பேனாவைத் திறந்தேன். தீதிக்கு வங்காளி மட்டும்தான் தெரியும். எனக்கு வங்காளி பேச வரும், மீன் வாங்குகிற அளவுக்கு. எழுத வராது. ஆங்கிலத்தில் எழுதினால், அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைக்க மாட்டேன் என்றார் தீதி. நியாயம்தானே. மாஷிமாவிடம் கேட்கலாமா என்றால், பாபுவுக்குத் தெரிந்துவிடும், வேண்டாம் என்றார்.

இரண்டு பேருமாக அலிப்பூருக்கு பஸ் ஏறினோம். கோர்ட்டுக்கு வெளியே நடைபாதையில் மனு எழுதித் தருகிறவர்கள் இருப்பார்கள். ஒருவர் முடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நம்மூர்ப் பொரிதான், கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்தது. தீதி சொல்லச் சொல்ல எழுதினார். நடுவில் நான் சும்மா இருக்க முடியாமல், இது ஒரு தனி மனிதனின் கோபம் மட்டும் அல்ல, ஆணாதிக்கக் கட்டமைப்பு என்பதையும் சேர்க்க வேண்டும் என்றேன். பேனாவை நிறுத்திவிட்டு, "அது எந்த செக்‌ஷன்?" என்று கேட்டார். பத்து நிமிஷத்தில் மனு முடிந்தது. தீதிக்கு ஒருமுறை வாசித்தும் காட்டினார். அதை ஸ்டேஷனில் கொடுத்த மூன்றாம் நாள் போனும் அட்டையும் தீதி கைக்கு வந்துவிட்டன, போனின் கண்ணாடியில் மட்டும் ஒரு கீறல். மனு எழுதிய அன்று திரும்பி வரும்போது நான் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். தீதி என் கையைப் பிடித்து, "மனசு விட்டுடாதே மா" என்றார். "இன்னும் ரெண்டு வருஷம் படி, உனக்கும் ஒரு கடுதாசி எழுத வந்துடும்."

ஷ்யாமல்தா

எங்கள் ஆராய்ச்சி அலுவலகத்தில் ஷ்யாமல்தா என்று ஒரு குமாஸ்தா; 'தா' என்றால் தாதா, இங்கே அண்ணன் என்று அர்த்தம். நான் கொடுத்த எந்தப் படிவத்தையும் அவர் முதல் தடவையில் வாங்கியதாகச் சரித்திரம் இல்லை. போட்டோவின் பின்னணி நீலமாக இருந்தால் வெள்ளை கேட்பார். வெள்ளையைக் கொண்டுபோனால் சுற்றறிக்கை மாறிவிட்டது என்பார். சென்ற மாதம் எனக்கு ஒரு வருஷ நீட்டிப்பு வாங்க வேண்டியிருந்தது. அது கிடைக்காவிட்டால் இத்தனை வருஷமும் வீண், பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். நீட்டிப்பை முடிவுசெய்யும் குழுவில் வெளியிலிருந்து வந்த நிபுணர், "எல்லாம் சரி, ஆண்களைப் பற்றி ஏன் ஆராயவில்லை?" என்று நாம் எல்லோரும் கேட்டுக் கேட்டுக் காது புளித்த கேள்வியைக் கேட்டார். ஏதோ சொன்னேன். அரை மணி நேரம் வெளியே நிறுத்தி வைத்துவிட்டு நீட்டிப்புக் கொடுத்தார்கள்.

கடிதத்தை வாங்கிக்கொள்ள ஷ்யாமல்தாவிடம் போனேன். அதிசயமாக ஒரு குறையும் சொல்லாமல் முத்திரை குத்தினார். ஆனால் கடிதத்தைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் மகளுக்கு எங்கள் துறையில் எம்.ஏ. இடம் கிடைத்திருக்கிறதாம். பெண் இதுதான் வேண்டும் என்று பிடிவாதமாம். வீட்டில் இரண்டு நாளாக ஒரே சண்டையாம். "சேர்க்கலாமா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, நகல் எத்தனை என்பதைத் தவிர. எனக்கு வாய் நிறையப் புலம்பல் இருந்தது, எல்லாம் சொல்லியிருக்கலாம். "சேருங்க தாதா. நல்ல படிப்பு. கண்டிப்பா சேருங்க" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு நிமிஷம் நன்றாகப் பார்த்தார். "நாலு வருஷமா உங்க மூஞ்சியை தினமும் பார்த்தவன்மா நான். நிஜமாத்தான் சொல்றீங்களா?"

இத்தனை அலுத்துக்கொண்ட பிறகும் இன்னொருத்தியை உள்ளே இழுத்துவிடத் தோன்றியதே, அந்த அளவுக்கு ஒருத்தியைக் கெடுத்துவிடுகிற படிப்பு இது என்பதைத் தவிர என் ஆய்வேட்டுக்கு வேறு முடிவுரை இதுவரை கிடைக்கவில்லை.